முதுகை அழுத்தவும்

மார்ச் 4

மரியாதைக்குரிய தூதர் அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்கப் போவதில்லை. புதிதாகப் பதவி கிடைத்தவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள்.

உங்கள் நம்பரை நேற்றே என் ஃபோனில் தடுத்துவிட்டேன். நம் இணைய மன்றத்தில் எழுதினால் நூறு பேர் கூடி ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். உங்கள் அண்ணனுக்கு ஹெட்ஃபோன் அனுப்பியபோது வாங்கிய விலாசம் கையில் இருந்தது. அதனால்தான் இந்தக் காகிதம். பல்செட்டில் அளவு குறிக்கிற பேனாவால் எழுதுகிறேன். எழுத்து பட்டையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'துறைமுகம்' என்கிற ஃபோன் விளையாட்டின் மன்றம் பதினெட்டாம் தேதி மதியத்தோடு மூடப்படுகிறது என்று கம்பெனி ஒன்றாம் தேதி அறிவித்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நீலப் பட்டை அடித்து, "உங்கள் பயணத்தில் எங்களையும் இணைத்துக்கொண்டதற்கு நன்றி" என்று போட்டிருக்கிறார்கள். எந்தப் பயணத்தில் இவர்கள் வந்தார்கள்? எட்டு வருடத்தில் கம்பெனி ஆள் ஒருவராவது ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதுண்டா? யாருடைய கப்பலாவது பாறையில் முட்டினால் நர்ஸம்மா பதில் சொன்னாள், பேக்கரிக்காரர் சொன்னார், நான் சொன்னேன். நீங்களும் சொன்னீர்கள், அதை நான் மறுக்கவில்லை.

இனிமேல் எல்லோரும் அவர்களுடைய புதுச் செயலிக்குப் போக வேண்டுமாம். அதில் எழுதியது ஒரே நாளில் தானாக அழிந்துவிடுமாம். குளியலறைக் கண்ணாடியில் விரலால் எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதற்கு ஆள் பிடிக்கப் பத்து ரசிகர்களைத் 'தூதர்' ஆக்கியிருக்கிறார்கள். பட்டியலைத் திறந்தேன். மூன்றாவது பெயர் 'லிஃப்ட்'. அதாவது நீங்கள்.

கப்பலைப் பின்னால் எடுக்கிற 'பேக்' பட்டனுக்கு 'முதுகு' என்று தமிழ்ப்படுத்தி வைத்த கம்பெனி இது. எந்தப் புண்ணியவானோ அகராதியைத் திறந்து முதலில் இருந்த பொருளை எடுத்துப் போட்டுவிட்டான். முதல் மாதம் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த மாதம் "பாறை வருது, முதுகடி, முதுகடி" என்று நாமே சொல்ல ஆரம்பித்துவிட்டோம். அவர்கள் தப்பைக்கூட நம்முடையதாக்கிக்கொண்டோம். அந்த முதுகில்தான் நீங்கள் குத்தியிருக்கிறீர்கள்.

அதைக்கூட விடுங்கள். மன்றத்தில் நாம் எழுதி வைத்த காது வழிகாட்டி என்ன ஆகும்? லாரி ஓட்டிய அண்ணன் கண் போன பிறகு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார் என்று நீங்கள் அன்றைக்கு எழுதினீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் ஆரம்பித்தோம். எந்தத் துறைமுகத்தில் மணி எந்தக் காதில் கேட்கும், எப்போது முதுகை அழுத்த வேண்டும் என்று முப்பத்தொரு துறைமுகத்துக்கும் எழுதினோம். நான் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, பல் கட்டுகிற பட்டறையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு பெரியவருக்குப் போக வேண்டிய மேல்வரிசை கீழே விழுந்து இரண்டாகப் போனது. முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உங்கள் அண்ணன் கேப்டன் ஆனார். அது போதும் என்று இருந்தேன்.

நீங்கள் கேட்டுக்கொண்டதால், மன்றத்தில் கேப்டன் எழுதுகிற பக்கத்தில் மட்டும் யாரும் மூடுகிற பேச்சை எடுக்கவில்லை. மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவரிடம் எப்போது சொல்வதாக உத்தேசம்?

இப்படிக்கு,
பல்லக்கா
(கட்டுவது பொய்ப் பல்தான். பேசுவது பொய் இல்லை.)


மார்ச் 8

அன்புள்ள பல்லக்காவுக்கு,

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். இந்த 'நீங்கள்' மட்டும் வேண்டாம். உங்கள் வாயிலிருந்து அது வந்தால் வேறு யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கிறது. 'டேய்' என்றே எழுதியிருக்கலாம்.

ஒன்பது மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே வாட்ச்மேன், வேலை முடிந்ததா என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். பிரேக் சூடு ஆறட்டும் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையில் உங்களுக்கு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

பட்டத்துக்கு ஆசைப்பட்டு நான் போகவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு அம்மா ஃபோன் செய்தார். "உங்க வழிகாட்டியை அப்படியே புது இடத்துக்கு மாத்திக் கொடுத்துடறோம் சார். அது மட்டும் அழியாது. நீங்க உங்க ஆளுங்களைக் கொஞ்சம் அமைதியா இருக்கச் சொன்னா போதும்" என்றார். மன்றத்திலிருந்து யாராவது நகல் எடுத்தால் என் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் விளையாடுவது அந்தக் கணக்கில்தான். அது போனால் அவருடைய எல்லாத் துறைமுகமும் போகும். சரி என்று சொன்னேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்களுக்குப் புரியும். ஹாலில் நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு, காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பார். திரையில் விரல் படுகிற இடத்தையெல்லாம் ஃபோன் படித்துச் சொல்லும். "முதுகு" என்று அது சொன்னால், "சொறிஞ்சு விடு" என்பார். தினமும் அதே ஜோக். தினமும் அவரே சிரிப்பார். அண்ணி ஊரைவிட்டுப் போன வருடம் இந்த மனிதர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசியதில்லை. இப்போது காலையில் எழுந்ததும் "பேக்கரிக்காரன் என்ன எழுதியிருக்கான்னு பார்ப்போம்" என்கிறார்.

அதை எப்படி மூடுகிறார்கள் என்று சொல்வது? நாலு தடவை ஆரம்பித்தேன். வாயே வரவில்லை. மாற்றிக் கொடுத்த பிறகு, "வேற வீட்டுக்குக் குடிபோயிருக்கோம்ணே" என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

உங்களுக்குக் கொள்கை இருக்கிறது, அக்கா. எனக்கு அண்ணன் இருக்கிறார். பதினெட்டாம் தேதி வரைக்கும் நகல் எதுவும் எடுக்காமல் இருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் தம்பி,
லிஃப்ட்


மார்ச் 19

லிஃப்ட்டுக்கு,

நகல் எடுக்கவில்லை. எடுக்கப் போனவர்களையும் நானே தடுத்தேன். நர்ஸம்மா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. இதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அமைதியாக இருக்கச் சொன்னீர்கள். அதை மட்டும் கேட்கவில்லை. நேற்றுக் காலையிலிருந்து மன்றத்தில் நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், தூதர்கள் கூட்டத்தில் இருந்திருப்பீர்கள். பேக்கரிக்காரர்தான் ஆரம்பித்தார். அறிவிப்புக்குக் கீழே 'முதுகு' என்று ஒரே ஒரு சொல் எழுதினார். அடுத்தவர் எழுதினார். அப்புறம் மளமளவென்று வந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதுகு. கம்பெனி அழித்தது, நாங்கள் எழுதினோம். மறுபடி அழித்தார்கள், மறுபடி எழுதினோம். எட்டு வருடமாக வாயே திறக்காத ஆட்கள் எல்லாம் வந்து எழுதிவிட்டுப் போனார்கள். மூடப் போகிற வீட்டை இவர்கள் ஏன் இவ்வளவு பெருக்கித் துடைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஒரு கையில் மெழுகுக் கத்தி, மறு கையில் ஃபோன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஃபோனுக்குள்ள யாராவது செத்துட்டாங்களா?" என்றார். "இன்னும் இல்ல சார், பன்னெண்டு மணிக்கு" என்றேன். மனிதர் பயந்து உள்ளே போய்விட்டார்.

பன்னிரண்டுக்குப் பக்கம் வெள்ளையாகிவிட்டது. அழவில்லை. வந்த கோபத்தில் பற்களை நெருக்கி நெருக்கி வைத்துவிட்டேன். அந்த செட்டைப் போட்டுக்கொள்கிறவர் யாரோ, கடைசி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டேதான் இருப்பார். இன்றைக்கு மெழுகை உருக்கி மறுபடி அடுக்கினேன்.

கேள்வி ஒன்றுதான். வழிகாட்டி வந்து சேர்ந்ததா? கேப்டனிடம் சொன்னீர்களா?

பல்லக்கா


மார்ச் 26

அக்கா,

வரவில்லை.

அந்த அம்மாவுக்கு ஃபோன் செய்தால், அதிகம் பேர் பார்த்த பக்கங்களை மட்டும்தான் மாற்றினார்களாம். காது வழிகாட்டியைப் பார்த்தவர்கள் குறைவாம். "பார்க்கறதுக்கு இல்லைங்க அது, கேக்கறதுக்கு" என்றேன். புரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் சார் என்று அழகாகச் சொன்னார். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கும் நன்றி சொன்னார்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. விளையாட்டின் புதுப் பதிப்பு கேட்காமலே இறங்கிவிட்டது. அதில் தமிழைத் திருத்தியிருக்கிறார்கள். இப்போது அந்தப் பட்டன் 'பின்செல்'. இருந்த இடத்திலும் இல்லை, மேலே தள்ளி வைத்திருக்கிறார்கள். அண்ணன் நீரிணைக்குள் கப்பலைக் கொண்டுபோய்விட்டு முதுகைத் தேடியிருக்கிறார். ஃபோன் என்னென்னவோ சொல்லியிருக்கிறது, முதுகு மட்டும் வரவில்லை. கப்பல் முழுகிவிட்டது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், உடையும் சத்தம் ஹெட்ஃபோனைத் தாண்டிச் சமையலறைக்கே கேட்டது.

மன்றம் என்ன ஆச்சு என்று கேட்டார். பழுது பார்க்கிறார்கள் என்று சொன்னேன். "ஓஹோ" என்றார். ஹெட்ஃபோனைச் சுருட்டி, ஃபோனோடு சேர்த்து டிராயரில் வைத்து மூடிவிட்டார். நாலு நாளாக எடுக்கவில்லை. நாற்காலி மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கதவு எப்போது திறக்கும் என்று தெரியாவிட்டாலும் பேச வேண்டும். எனக்கு என் அண்ணனிடம் பேசத் தெரியவில்லை.

உங்களிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். வழிகாட்டியில் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

லிஃப்ட்


ஏப்ரல் 3

டேய் தம்பி,

நீ ஏமாந்ததற்கு உன்னை எதற்குத் திட்ட வேண்டும்? ஏமாற்றியவர்கள் நன்றாக இருக்கிறார்கள், அவர்களைத் திட்டிக்கொள்ளலாம். உன் நம்பருக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுதுகிறேன், ஃபோனில் ஆரம்பித்தால் எனக்குக் குரல் ஏறிவிடும்.

முதலில் ஒரு வேடிக்கை. முதுகை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டுக் கம்பெனிக்கு இரண்டு பக்கம் எழுதிப் போட்டேன். வந்த பதில் இது: "தவறான மொழிபெயர்ப்பு ஏற்கெனவே சரிசெய்யப்பட்டுவிட்டது. சுட்டிக்காட்டியதற்கு நன்றி." நான் சண்டைக்குப் போனால் இவர்கள் எனக்கு நன்றி சொல்லி அனுப்புகிறார்கள். சட்டையைப் பிடிக்கப் போனவளுக்கு மாலை போட்டால் எப்படி இருக்கும்?

ஆனால் அந்தப் பதிலில் ஒரு வழி கிடைத்தது. எல்லாக் கதவையும் சாத்தியவர்கள் ஒரு ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார்கள். விளையாட்டுக்குள் 'பிழையைத் தெரிவிக்கவும்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் வருவதை யாராவது ஒருவர் படித்துத்தான் ஆக வேண்டும். இப்போது நாங்கள் எல்லோரும் அதில் எழுதுகிறோம். "பிழை: பின்செல். சரி: முதுகு." தப்பைத் திருப்பிக் கொடு, அவ்வளவுதான் எங்கள் கோரிக்கை. கடந்த வாரம் பேக்கரிக்காரர் அந்தப் பெட்டியிலேயே என்னைப் பெயர் சொல்லித் திட்டி எழுதிவிட்டு, அதை ஃபோனில் அவரே சொல்லிச் சிரித்தார். நானும் அதிலேயே பதில் போட்டேன். படிக்கிறவன் தலையில் அடித்துக்கொள்ளட்டும்.

இனி வழிகாட்டி. ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டு, ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொல்லி எழுதினேன். நர்ஸம்மா வார்டுக்கு வெளியே நின்றுகொண்டு பதினொரு துறைமுகம் சொன்னாள். பேக்கரிக்காரர் மாவு பிசைகிற மெஷின் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திச் சொன்னார். இரண்டு பேர் ஒரே துறைமுகத்துக்கு வேறு வேறு காதைச் சொன்னால், நான் மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்து முடிவு செய்தேன். முப்பத்தொன்றும் இத்துடன் வைத்திருக்கிறேன். 'பின்செல்' என்று ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. பட்டன் இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் தலைப்பில் குறித்திருக்கிறேன்.

இதைக் கேப்டனுக்குப் படித்துக் காட்டு. படிக்கிறதுக்கு முன்னால் உண்மையைச் சொல். இனிமேலும் பழுது, கிழுது என்று ஆரம்பித்தாய் என்றால் நானே பஸ் ஏறி வந்து சொல்லிவிடுவேன். அவர் உடைந்துபோவார் என்று நீ பயப்படுகிறாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லு.

பல்லக்கா


ஏப்ரல் 10

அக்கா,

சொன்னேன். அதற்கப்புறம் நடந்ததை நான் எழுத வேண்டாமாம், தானே சொல்கிறேன் என்கிறார். அவர் சொல்கிறபடியே எழுதுகிறேன்.

*

தங்கச்சி, நல்லா இருக்கியாம்மா. நான் சொல்லச் சொல்ல இவன் எழுதறான். நடுவுல எதையாவது முழுங்கறானான்னு பேனா சத்தத்தைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

மன்றத்தை மூடறாங்கன்னு எனக்கு முதல் நாளே தெரியும். நீங்க எல்லாம் கண்ணால படிக்கிறவங்க. மேல இருக்கற பட்டையை ஒரு தடவை பார்ப்பீங்க, அடுத்த தடவை கண்ணு தானாத் தாண்டிப் போயிடும். என் ஃபோனுக்குத் தாண்டத் தெரியாது. எப்பத் திறந்தாலும் தலையிலேருந்துதான் படிக்கும். "உங்கள் பயணத்தில் எங்களையும் இணைத்துக்கொண்டதற்கு நன்றி." எத்தனை தடவை கேட்டிருப்பேன், எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. அதுக்குக் கீழ நீங்க எல்லாரும் "மழை பெய்யுதா கேப்டன், சாப்பிட்டாச்சா கேப்டன்"னு கேக்கறீங்க. சரி, யார் முதல்ல வாயைத் திறக்கறாங்கன்னு பார்ப்போம்னு நானும் இருந்தேன். ஒருத்தரும் திறக்கலை. இவன் பழுது பாக்கறாங்கன்னு சொல்றான். லிஃப்ட்டுல மாட்டினவங்ககிட்ட பேசற அதே குரல்ல சொல்றான். எனக்குத் தெரியாதா அந்தக் குரல்?

ஃபோனை டிராயர்ல வச்சது கப்பல் முழுகினதுக்கு இல்லை. கோபம். எனக்காகத்தான் இவ்வளவு போராட்டமும், எனக்கு மட்டும் சொல்லலை. கண்ணுதான்மா போச்சு. நானும் அந்த மன்றத்துல உறுப்பினர். லாரி ஓட்டினவன், உங்க எல்லாரையும்விட எனக்கு நல்லாத் திட்டத் தெரியும். என்னைக் கூப்பிட்டிருந்தா பதினெட்டாம் தேதி நானும் வந்து நாலு முதுகு எழுதியிருப்பேன்.

அந்தப் பட்டன் விஷயத்தை நான் பார்த்துக்கிட்டேன். இந்த ஃபோன் பேசுதே, அதோட செட்டிங்குல எந்தப் பட்டனுக்கு வேணா நம்ம இஷ்டத்துக்குப் பேர் வைக்கலாம். தட்டுத் தடுமாறித் தேடி, வச்சுட்டேன். அவங்க திரையில என்ன வேணா எழுதிக்கட்டும். என் ஃபோன் முதுகுன்னுதான் சொல்லும். மத்தவங்களுக்கும் எப்படி வைக்கறதுன்னு சொல்லித் தரேன்.

இப்ப உன் வழிகாட்டிக்கு வரேன். இவன் முழுசாப் படிச்சுக் காட்டினான். ஒன்பதாவது துறைமுகம் தப்பு. மணி வலது காதுக்கு மாறின உடனே முதுகை அழுத்துன்னு எழுதியிருக்கே. அப்ப அழுத்தினா நங்கூரச் சங்கிலியில மாட்டும். மாறினப்புறம் ஒரு மூச்சு விட்டுட்டு அழுத்தணும். பழைய மன்றத்துலயும் இதே தப்புதான் இருந்தது. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்.

ஏன் சொல்லலைன்னு கேப்பே. சொன்னா நீ திருத்திடுவே. எல்லாம் சரியாயிடுச்சு, கேப்டன் ஓட்டிக்குவார்னு ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போயிடுவீங்க. முப்பத்தொண்ணும் எனக்கு எப்பவோ அத்துப்படிம்மா, தூக்கத்துல ஓட்டுவேன். ஆனாலும் தினமும் காலையில வந்து, "இந்தத் திருப்பம் வரலையே, எப்படிப் போறது"ன்னு கேட்டுக்கிட்டு நின்னேன். எனக்கு உங்க பேச்சு வேணும். அதை நேரா கேக்க வெட்கமா இருந்தது.

இப்ப வெட்கம் எல்லாம் இல்லை. அதனால உரக்கவே சொல்றேன். ஒன்பது தப்பு. பதினாறுல பேக்கரிக்காரன் எழுதினது மகா தப்பு. நர்ஸம்மா சொன்னது எல்லாம் சரி, ஆனா அதை அவகிட்ட சொல்லாதே, தலை கனத்துடும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் ஃபோன்ல வாங்க. இவன் ஒரே லைன்ல எல்லாரையும் சேர்த்து விடறானாம். எனக்கு வழி சொல்ல யாரும் வர வேணாம். சண்டை போடறதா இருந்தா வாங்க.

*

அக்கா, மேலே உள்ளது அத்தனையும் அவர் சொன்னதுதான். 'பேக்கரிக்காரன்' என்பதற்கு முன்னால் இருந்த இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிட்டேன், கடிதம் தபாலில் போகிறது. நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. என்னோடு மட்டும் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேச வைத்துக்கொள்கிறேன்.

லிஃப்ட்


ஏப்ரல் 14

கேப்டன் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டு, வீட்டுக்குப் போய் ஒன்பதாவது துறைமுகத்தை ஏழு தடவை ஓட்டினேன். நான் எழுதியது சரி. மணி மாறிய உடனே அழுத்த வேண்டும். நீங்கள் சொல்கிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் கப்பல் கரையில் சாய்ந்துவிடும். உங்களுக்குச் சங்கிலியில் மாட்டுகிறது என்றால் நீங்கள் வேகமாக உள்ளே வருகிறீர்கள். இது லாரி இல்லை, அண்ணா.

பேக்கரிக்காரரிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். தம்பி விட்டுவிட்ட இரண்டு சொற்களையும் ஊகித்துச் சேர்த்தே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கடையை மூன்றரைக்கே சாத்திவிட்டு வருகிறாராம். நர்ஸம்மா டியூட்டி மாற்றிக்கொண்டுவிட்டாள். பிழைப் பெட்டியிலும் நேரத்தைப் போட்டுவிட்டோம், படிக்கிற கம்பெனி ஆளுக்கும் ஆசை இருந்தால் வரட்டும்.

மூடுவதை உங்களிடம் மறைத்தது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஒரே தடவை, இங்கேயே. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சு வேண்டாம். அன்றைக்கு ஒன்பதாவது துறைமுகம் மட்டும்தான். இத்தனை நாள் உங்களிடம் எல்லோரும் மெல்லப் பேசினோம், நானும்தான். கண் தெரியாதவர் என்பதற்காக இனி ஒரு வார்த்தையைக்கூட உங்களுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
பல்லக்கா